இங்கிலாந்தில் முதல் பிரசவம்: மிட்வைஃபோடு தயாராவது எப்படி?

கல்யாணம் முடிந்து கணவரோடு இங்கிலாந்துக்கு வந்து, பஸ் ரூட்கூட இன்னும் சரியாகப் பிடிபடாத நேரத்தில் டெஸ்ட்டில் இரண்டு கோடு விழுந்துவிட்ட தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்ப் பெண்களுக்கு மொழிபெயர்க்க அவ்வப்போது மருத்துவமனைக்குக் கூடப் போகிறவள் நான். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "டாக்டரை எப்ப பாப்போம் அக்கா?"

சிக்கல் இல்லாத கர்ப்பம் என்றால், பெரும்பாலும் பார்க்கவே மாட்டீர்கள். இங்கே என்.எச்.எஸ். எனும் அரசு மருத்துவச் சேவையின் மருத்துவமனைகளில் முதல் பரிசோதனையிலிருந்து குழந்தையைக் கையில் வாங்குவதுவரை எல்லாமே மிட்வைஃப்தான். ஊரில் உள்ள அம்மா போனில் பதறத்தான் செய்வார். அவருக்கு இப்படிச் சொல்லுங்கள்: இவர்கள் நர்ஸுக்கு உதவியாளரும் இல்லை, அந்தக்கால மருத்துவச்சிப் பாட்டியும் இல்லை. இந்தத் தொழிலுக்கு 1902-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பெரும்பாலும் மூன்று வருடப் பட்டப்படிப்பு, பதிவு பெற்ற உரிமம், தன் பொறுப்பில் பிரசவம் பார்க்கும் அதிகாரம் எல்லாம் உண்டு. இயல்பை மீறி ஏதாவது தெரிந்தால் டாக்டரைக் கூப்பிடுவதும் அவர் பொறுப்பே.

இன்னொன்றும் பழக வேண்டும். இங்கே யாரும் உங்களுக்கு உத்தரவு போட மாட்டார்கள். "இப்படிச் செய்யலாம், அப்படியும் செய்யலாம், உங்களுக்கு எது வேண்டும்?" என்று கேட்பார்கள். நம் பெண்கள் பலருக்கு இதுதான் பெரிய திண்டாட்டம். "நீங்க சொல்றது சரிதான்" என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, காரில் ஏறியதும் கணவரிடம் பத்து சந்தேகம் கேட்பார்கள். வாய் திறக்காதவருக்குக் குறை எதுவும் இல்லை என்றுதான் இந்த ஊர் எடுத்துக்கொள்ளும். அதனால் கீழே சொல்வதில் பாதி, எப்போது, யாரிடம், என்ன கேட்பது என்பதாகவே இருக்கும்.

முதலில் பதிவு

ஜி.பி. எனப்படும் குடும்ப டாக்டரின் அப்பாயின்ட்மென்ட்டுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அருகில் உள்ள மருத்துவமனையின் இணையதளத்தில் மகப்பேறு பிரிவுக்குப் போனால், பெரும்பாலும் நீங்களே பதிவு செய்யும் படிவம் இருக்கும். உங்கள் பகுதியில் இரண்டு மூன்று மருத்துவமனை இருந்தால் எது வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். முதல் சந்திப்பு 10 வாரத்துக்குள் நடப்பது நல்லது. ஆகவே தெரிந்த வாரமே படிவத்தை நிரப்புங்கள். மூன்று மாதம் முடியட்டும், கண் படக்கூடாது என்று சொந்தக்காரர்களிடம் மறைப்பது உங்கள் இஷ்டம். மிட்வைஃபிடம் மறைத்தால் சில ரத்தப் பரிசோதனைகளுக்கு நேரம் தப்பிவிடும்.

படிவத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டிருப்பார்கள். "தமிழ்" என்று குறிப்பிட்டு எழுதுங்கள். வெறுமனே "இந்தியா" என்று போட்டால் இந்தி பேசுபவரைப் பிடித்துத் தர வாய்ப்பு உண்டு. இதற்குக் கட்டணம் கிடையாது, உதவி கேட்கிறோமே என்ற கூச்சமும் வேண்டாம். ஆங்கிலத்தில் ஆபீஸ் வேலையே பார்ப்பவராக இருந்தாலும், வலி நேரத்தில் தாய்மொழிதான் வரும். கணவர் மொழிபெயர்த்தால் போதாதா என்றால், போதாது. சில கேள்விகளை உங்களிடம் தனியாகத்தான் கேட்பார்கள்.

பணம் பற்றி: விசாவோடு சேர்த்து ஹெல்த் சர்சார்ஜ் கட்டி வந்தவர்களுக்கு மகப்பேறு சிகிச்சை இலவசம். விசிட் விசாவில் வந்தவர்களுக்குப் பின்னால் பில் வரும், அதுவும் சாதாரணக் கணக்கில் ஒன்றரை மடங்கு. ஆனால் பணம் கட்டவில்லை என்பதற்காக மகப்பேறு சிகிச்சையை மறுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது. இந்த நிலையில் இருப்பவர்கள் பில்லுக்குப் பயந்து செக்கப்புக்கே போகாமல் இருந்துவிடாதீர்கள்.

முதல் சந்திப்பு

ஒரு மணி நேரம் ஆகும். ரத்தம், சிறுநீர், உயரம், எடை, பிரஷர் எல்லாம் பார்ப்பார்கள். அதைவிடக் கேள்விகள்தான் அதிகம். சில கேள்விகள் தூக்கிவாரிப் போடும். "நீங்களும் குழந்தையின் அப்பாவும் ரத்த உறவா?" என்று கேட்பார்கள். அத்தை மகனையோ மாமாவையோ கட்டியிருந்தால் அப்படியே சொல்லுங்கள். உங்களை மட்டம் தட்ட அல்ல, சில பரம்பரை நோய்களுக்கு முன்கூட்டியே ஆலோசனை தருவதற்காகத்தான். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்கான சோதனைக்காக இரண்டு குடும்பங்களின் பூர்வீகமும் கேட்பார்கள். வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, பயமுறுத்துகிறார்களா என்றும் உங்களிடம் தனியாகக் கேட்பார்கள். இது எல்லாப் பெண்களிடமும் கேட்கும் கேள்வி. பதில் "ஆம்" என்றால், சொல்வதற்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைப்பது கஷ்டம்.

அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது சர்க்கரை, பிரஷர் இருந்தால் மறக்காமல் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை, சூரணம், லேகியம் எதைச் சாப்பிட்டாலும் டப்பாவோடு காட்டிவிடுங்கள். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் 12 வாரம்வரையும், வைட்டமின் டி 10 மைக்ரோகிராம் தினமும் எடுக்கச் சொல்வார்கள். மாநிறத் தோலுக்கு இந்த ஊர் வெயில் காணாது, ஆகையால் வைட்டமின் டி-யை விட்டுவிடாதீர்கள்.

போகும்போது இரண்டு விஷயம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, மகப்பேறு விலக்குச் சான்றிதழ். இது இருந்தால் பிரசவமாகி ஒரு வருடம்வரை மருந்துச் சீட்டுக்கும் என்.எச்.எஸ். பல் வைத்தியத்துக்கும் காசில்லை. மற்றொன்று, 24 மணி நேரமும் எடுக்கும் ட்ரையாஜ் போன் நம்பர், அதாவது அவசரமா இல்லையா என்று விசாரித்து வழிசொல்லும் மகப்பேறு பிரிவு. அதை உங்கள் போன், கணவர் போன் இரண்டிலும் சேமித்து, ஃப்ரிட்ஜ் கதவிலும் எழுதி ஒட்டிவிடுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் 20 வாரத்துக்குப் பிறகு மேட் பி1 சான்றிதழ் கேட்டு வாங்க வேண்டும். மகப்பேறு விடுப்புச் சம்பளத்துக்கு அதுதான் ஆதாரம்.

நடு மாதங்கள்

முதல் குழந்தை என்றால் மொத்தம் பத்து சந்திப்புவரை இருக்கும். ஊரில் மாதா மாதம் ஸ்கேன் பார்த்த அக்காவின் கதையைக் கேட்டுவிட்டு வருபவர்களுக்கு இங்கே பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. வழக்கமாக இரண்டே ஸ்கேன்தான். 11 முதல் 14 வாரத்துக்குள் ஒன்று, 18 முதல் 21 வாரத்துக்குள் ஒன்று. அதன்பிறகு மிட்வைஃப் டேப் வைத்து வயிற்றை அளப்பார். என்ன, துணிக்கடையில் அளப்பதுபோல அளக்கிறார்களே என்று சிரிக்காதீர்கள். ஒவ்வொரு முறை எடுத்த அளவையும் வரைபடத்தில் புள்ளியாக வைத்துக்கொண்டே வருவார்கள். கோடு ஏறாமல் படுத்துவிட்டால் உடனே கூடுதல் ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். குழந்தை ஆணா பெண்ணா என்பதைக் கேட்டால் பெரும்பாலும் இரண்டாவது ஸ்கேனில் சொல்வார்கள், இங்கே அதற்குத் தடையில்லை.

தெற்காசியர் என்பதால் 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைச் சோதனை வைப்பார்கள். வெறும் வயிற்றில் ஒரு முறை ரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் உட்காரவைத்து மறுபடி எடுப்பார்கள். குமட்டும். ஒரு புத்தகமும், முடிந்ததும் சாப்பிட இரண்டு இட்லியும் கொண்டுபோங்கள். சர்க்கரை இருப்பதாக வந்தால் டாக்டரும் உங்கள் கவனிப்பில் சேர்ந்துகொள்வார். அதற்காக மிட்வைஃப் உங்களைக் கைகழுவிவிட மாட்டார்.

ஹீமோகுளோபின் 110 என்று ரிப்போர்ட்டில் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஊரில் 11 என்று சொல்வதைத்தான் இங்கே 110 என்று எழுதுகிறார்கள். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் ஆரஞ்சு ஜூஸோடு போடுங்கள். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிக்கும் பழக்கம்தான் நம் வீடுகளில் இந்த மாத்திரைக்கு எதிரி. இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

கக்குவான் இருமல் தடுப்பூசி 16 வாரத்திலிருந்தும், குழந்தையின் நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸுக்கான தடுப்பூசி 28 வாரத்திலிருந்தும் போடலாம். அப்பாயின்ட்மென்ட் தானாக வரும் என்று காத்திருக்காமல் கேளுங்கள்.

இனி, காத்திருக்கவே கூடாத விஷயங்கள். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலோ மாறினாலோ உடனே ட்ரையாஜுக்குப் போன் போட வேண்டும். "ஜில்லுனு தண்ணி குடிச்சுட்டு இடப்பக்கம் படு, காலைல பாத்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கடையில் விற்கும் டாப்ளர் கருவியில் இதயத் துடிப்பு கேட்டுவிட்டது என்று நிம்மதியாவதும் தப்பு. இரவு இரண்டு மணியானாலும் வரச்சொல்லிப் பார்ப்பார்கள், யாரும் சலித்துக்கொள்ளக் கூடாது. அதே மாதிரி, உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் தாங்க முடியாமல் அரித்தால், ஸ்வெட்டர் துணி ஒத்துக்கொள்ளவில்லை என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு இருக்காதீர்கள். கர்ப்ப காலத்தில் கல்லீரலில் வரும் ஒரு கோளாறு இப்படித்தான் தலைகாட்டும், அது தெற்காசியப் பெண்களிடம் சற்று அதிகம். விடாத தலைவலி, கண் மங்குதல் அல்லது மின்னுதல், விலாவுக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல், ரத்தப்போக்கு, பனிக்குடத் தண்ணீர் கசிதல் ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

எங்கே பெறுவது?

நான்கு வழி உண்டு: வீடு, தனியாக இயங்கும் பர்த் சென்டர், மருத்துவமனைக்குள்ளேயே லேபர் வார்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பர்த் சென்டர், லேபர் வார்டு. முதல் மூன்றிலும் மிட்வைஃப் மட்டும்தான் இருப்பார். எபிட்யூரல், அதாவது வலி மரத்துப்போக முதுகில் போடும் ஊசி, வேண்டும் என்றால் லேபர் வார்டுதான். ரத்த அழுத்தம், இன்சுலின் போடும் அளவு சர்க்கரை, இரட்டைக் குழந்தை, தலை மேலே இருக்கும் குழந்தை, முன்பு சிசேரியன், 37 வாரத்துக்கு முன்பே வலி என்றால் லேபர் வார்டைத்தான் பரிந்துரைப்பார்கள்.

இங்கிலாந்தில் சுமார் 64,500 பிரசவங்களை வைத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வு 2011-இல் வெளியானது. ஆபத்துக் காரணம் எதுவும் இல்லாத பெண்களை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். பர்த் சென்டரில் பிரசவத்தைத் தொடங்கியவர்களுக்கு சிசேரியனும் ஆயுதப் பிரசவமும் குறைவு, குழந்தைக்கான ஆபத்தில் லேபர் வார்டோடு ஒப்பிட வித்தியாசம் தெரியவில்லை. வீட்டில் தொடங்கிய முதல் பிரசவங்களில் மட்டும் குழந்தைக்குக் கடுமையான பாதிப்பு ஆயிரத்துக்கு சுமார் 9, லேபர் வார்டில் சுமார் 5. இரண்டாவது மூன்றாவது பிரசவத்தில் அந்த வித்தியாசம் இல்லை. முதல் பிரசவக்காரர்களில் வீட்டில் தொடங்கியவர்கள் 100-க்கு 45 பேர் நடுவிலேயே மருத்துவமனைக்கு மாற வேண்டி வந்தது. பர்த் சென்டரிலிருந்து மாறியவர்களும் 100-க்கு 36 முதல் 40 பேர்.

என்னைக் கேட்டால், முதல் குழந்தைக்கு மருத்துவமனைக்குள் இருக்கும் பர்த் சென்டரைத்தான் சொல்வேன். மாற வேண்டியிருந்தாலும் ஒரு காரிடார் தள்ளினால் போதும். தண்ணீர்த் தொட்டி, மங்கிய வெளிச்சம், தரையில் பாய், தொங்கும் துணி என்று அந்த அறைகளைப் பார்த்தாலே பாதி பயம் போய்விடும். முன்கூட்டியே போய்ப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். போகும்போது, நள்ளிரவில் எந்த வாசல் திறந்திருக்கும், கார் எங்கே நிறுத்துவது என்பதையும் கணவர் பார்த்துக்கொள்ளட்டும். வலியோடு பூட்டிய கதவு முன் நிற்பவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள்.

ஒரு பக்கத் தாள்

உங்களை எட்டு மாதம் பார்த்த மிட்வைஃப் பெரும்பாலும் பிரசவ அறையில் இருக்கப் போவதில்லை, இதை இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே ஷிஃப்டில் யார் இருக்கிறார்களோ அவர்தான். நீண்ட பிரசவம் என்றால் நடுவிலேயே ஆள் மாறுவார். அதனால்தான் உங்கள் விருப்பங்களை எழுதி வைக்கச் சொல்கிறார்கள். புதிதாக அறைக்குள் வருபவர் அரை நிமிடத்தில் படித்து முடிக்கும்படி ஒரே பக்கம் இருக்கட்டும். நான் எழுதிக் கொடுத்தவற்றில் அடிக்கடி வந்த வரிகள் இவை:

தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், போனில் இருந்தாலும் சரி. என்னோடு கணவரும் அம்மாவும் இருப்பார்கள். முடிந்தவரை பெண் ஊழியர்கள் வேண்டும். வலி அதிகமானால் நான் அமைதியாகிவிடுவேன், சத்தம் போடவில்லை என்பதால் வலி இல்லை என்று நினைக்க வேண்டாம். முதலில் தண்ணீர்த் தொட்டியும், கேஸ் அண்ட் ஏர் என்ற வலி குறைக்கும் வாயுவும், எபிட்யூரல் கேட்டால் தாமதிக்க வேண்டாம். உள்பரிசோதனைக்கு முன் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுச் செய்யவும். குழந்தையை உடனே என் நெஞ்சில் போடவும். நான் சைவம்.

அந்த நான்காவது வரிதான் நம் பெண்களின் தாளில் எல்லாவற்றையும்விட முக்கியம். எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடப்பார்கள். அறைக்குள் எட்டிப் பார்ப்பவர், தூங்குகிறார் போல என்று போய்விடுவார்.

பெண் ஊழியர் கேட்கலாம், ஆனால் அவசரத்தில் யார் வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தாலி, மூக்குத்தி, மெட்டியைப் பற்றியும் முன்பே பேசி வையுங்கள். சிசேரியன் என்றால் நகையைக் கழற்றவோ டேப் ஒட்டி மூடவோ சொல்வார்கள், கடைசி நிமிடத்தில் மாமியாரிடம் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

வழியில் ஏதாவது மாற்றம் சொன்னால், உதாரணமாக மருந்து கொடுத்து வலியை வரவழைக்கலாம் என்றால், நான்கு கேள்வி கேளுங்கள். இதனால் என்ன நன்மை? என்ன ஆபத்து? வேறு வழி உண்டா? கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் என்ன ஆகும்? கணவருக்கும் இதைப் பாடம் பண்ணி வையுங்கள். அறைக்குள் போட்டோ எடுப்பதைவிட இது உருப்படியான வேலை.

34 வாரத்துக்குப் பிறகு

மருத்துவமனை நடத்தும் பிரசவ வகுப்புக்குக் கணவரோடு போய் வாருங்கள். ஊரில் பிரசவ அறைக்குள்ளேயே வராத தலைமுறையின் பிள்ளைகள் அவர்கள், இங்கே இடுப்பை அழுத்திவிடுவது முதல் தண்ணீர் கொடுப்பதுவரை அவர்கள் வேலை.

34, 35 வாரத்திலிருந்து யோனிக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தசையைக் குளித்தபின் வாசனை சேர்க்காத எண்ணெய் தொட்டு விரலால் மெதுவாக நீவச் சொல்வார்கள். பேசக் கூச்சமான விஷயம், ஆனாலும் எழுதுகிறேன். முதல் பிரசவத்தில், அதுவும் ஆசியப் பெண்களுக்கு, ஆழமாகக் கிழியும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். இந்த நீவுதல் அதைக் குறைக்க உதவும். குழந்தையின் தலை வரும்போது அந்த இடத்தில் வெந்நீரில் நனைத்த துணி வைப்பதும் உதவும், அதையும் உங்கள் தாளில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பையில் என்ன வைப்பது என்று பெரிய பட்டியல் எங்கும் கிடைக்கும். நான் சேர்ப்பது: முன்பக்கம் திறக்கும் இரண்டு பருத்தி நைட்டி, தடித்த நாப்கின், நீளமான சார்ஜர் ஒயர், கால் சாக்ஸ், பழைய பெரிய உள்ளாடை, ஃபிளாஸ்க். மருத்துவமனைச் சாண்ட்விச் தொண்டையில் இறங்காது என்றால் கணவர் ரசம் சாதத்தைக் கொண்டுவரட்டும். குழந்தைக்கு உடுப்பு, நாப்பி, ஒரு கம்பளி. காரில் வீட்டுக்குப் போவதென்றால் கார் சீட் வேண்டும், அதை மாட்டப் பழகியிருக்கவும் வேண்டும்.

வலி வந்ததும்

வலி வந்தவுடன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது ஊர் வழக்கம். இங்கே முதலில் போன். வலி எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை, எவ்வளவு நேரம் நிற்கிறது, பனிக்குடம் உடைந்ததா, தண்ணீர் என்ன நிறம், ரத்தம் உண்டா, குழந்தை அசைகிறதா என்று கேட்பார்கள். போனை நீங்களே பேசுங்கள். கணவர் பேசினாலும், "அவங்ககிட்ட குடுங்க" என்பார் மிட்வைஃப். பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு வலி வந்தால் நீங்கள் எப்படி மூச்சு விடுகிறீர்கள், பேச்சு நிற்கிறதா என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். அதில்தான் அவருக்குப் பாதி விடை கிடைக்கும். ஆகவே மரியாதைக்காக வலியை விழுங்கிக்கொண்டு "ஐ ஆம் ஓகே" என்று சொல்லாதீர்கள். வலி வந்தால் பேச்சை நிறுத்துங்கள், முனகல் வந்தால் முனகுங்கள், முடிந்ததும் "ஐ குட் நாட் டாக் த்ரூ தட் ஒன்" என்று சொல்லுங்கள்.

முதல் பிரசவத்தில் ஆரம்ப வலி ஒரு நாள்கூட இழுக்கும். பத்து நிமிடத்தில் மூன்று வலி என்ற கணக்கு வரும்வரை வீட்டிலேயே இருக்கச் சொல்வார்கள். போய்ப் பார்த்து, இன்னும் நேரம் இருக்கிறது என்று திருப்பி அனுப்புவதும் சகஜம். அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெந்நீர்க் குளியல், பாரசிட்டமால், கொஞ்சம் கஞ்சி, நடை, நடுநடுவே தூக்கம். வீட்டில் இருக்க முடியவில்லை, பயமாக இருக்கிறது என்றால் அதையும் சொல்லலாம், மறுபடி எத்தனை முறை வேண்டுமானாலும் போன் செய்யலாம். தண்ணீர் பச்சையாகவோ பழுப்பாகவோ வந்தால், ரத்தம் கொட்டினால், குழந்தை அசையவில்லை என்றால், 37 வாரத்துக்கு முன்பே வலி வந்தால், கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே கிளம்ப வேண்டும். குழந்தை வெளியே வந்துகொண்டிருக்கிறது என்றால் அவசர உதவி எண் 999.

அறைக்குள்

கருப்பை வாய் நான்கு சென்டிமீட்டர் திறந்து வலி சீராக வரத் தொடங்கினால் முழுப் பிரசவ வலி என்று கணக்கு. அதன்பிறகு உங்களுக்கென்று ஒரு மிட்வைஃப் கூடவே இருப்பார். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை சின்னக் கருவி வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பார். முக்கத் தொடங்கியதும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை. எனிமா, ஷேவிங் எல்லாம் வழக்கத்தில் இல்லை. சாப்பிடலாம், குடிக்கலாம். மல்லாக்கப் படுக்கத்தான் வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முட்டி போட்டு, குனிந்து, சுவரில் சாய்ந்து, கணவர் கழுத்தில் தொங்கி எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். அம்மி அரைத்த பாட்டிகளின் இடுப்புக்குக் குத்துக்கால் வைத்து உட்காருவது சுலபமாக இருந்தது. நமக்கு அது வராது, முன்கூட்டியே பழகிப் பாருங்கள்.

கேஸ் அண்ட் ஏர் பற்றி ஒரு வார்த்தை. பாதி நைட்ரஸ் ஆக்சைடு, பாதி ஆக்சிஜன், வாயில் கவ்வி இழுக்கும் குழாய். பலர் வலி உச்சத்துக்கு வந்தபிறகு இழுத்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். அது பிடிக்க அரை நிமிடம் ஆகும். வலி தொடங்கப் போகிறது என்று தெரிந்த நொடியே ஆழமாக, நிதானமாக இழுக்க வேண்டும். தலை கிறுகிறுக்கும், வாய் உலரும், குழாயை எடுத்தால் இரண்டு மூச்சில் தெளிந்துவிடும். பெத்திடின் போன்ற வலி குறைக்கும் ஊசி தூக்கம் தரும், ஆனால் பிரசவத்துக்கு நெருக்கத்தில் போட்டால் குழந்தையும் மந்தமாக வரலாம். போட்டு இரண்டு மணி நேரம் தண்ணீர்த் தொட்டியில் இறங்க முடியாது. எபிட்யூரல் கேட்பது தோல்வி இல்லை. லேபர் வார்டுக்கு மாறி, மயக்க மருந்து டாக்டர் வந்து போடுவதற்குள் நேரமாகும் என்பதால், யோசனை வந்ததுமே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

குழந்தை வந்ததும் தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்துத்தான் வெட்டுவார்கள். நஞ்சுக்கொடி இறங்கத் தொடையில் ஒரு ஊசி போடலாமா என்று கேட்பார்கள். ரத்தப்போக்கைக் குறைக்கும் ஊசி அது. ரத்தசோகை உள்ளவர்கள் யோசிக்காமல் சரி சொல்லலாம். குழந்தைக்கு வைட்டமின் கே ஊசிக்கும் சம்மதம் கேட்பார்கள்.

வீட்டுக்கு வந்தபின்

எல்லாம் நன்றாக இருந்தால் ஆறு மணி நேரத்தில்கூட வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மறுநாள் மிட்வைஃப் வீட்டுக்கு வருவார், ஐந்தாம் நாள் குழந்தையின் குதிகாலில் ரத்தம் எடுப்பார்கள். இங்கேதான் அம்மாவுக்கும் மிட்வைஃபுக்கும் நடுவில் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

அம்மா சொல்வதில் பாதி அருமையானது. பூண்டுக் குழம்பு, கருவாடு, ஓய்வு, நல்லெண்ணெய் எதையும் மிட்வைஃப் தடுக்க மாட்டார். சேனை தொட்டு வைப்பது மட்டும் வேண்டாம், தேன் ஒரு வயதுவரை ஆகாது. கண் மையில் ஈயம் இருக்கக்கூடும், அதுவும் வேண்டாம். பிரசவ லேகியத்தில் என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாவிட்டால் சாப்பிடாதீர்கள். குளிர் நாடு என்று ஹீட்டரை ஏற்றி, குல்லா போட்டு, மூன்று போர்வையில் சுற்றுவதுதான் பெரிய சண்டையாக வரும். குழந்தை தூங்கும் அறை 16 முதல் 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும், வீட்டுக்குள் குல்லா கூடாது, மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும். நீங்கள் சொன்னால் அம்மா கேட்க மாட்டார். மிட்வைஃப் வரும்போது அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து அவர் வாயாலேயே சொல்லவைத்து, நீங்கள் மொழிபெயர்த்துவிடுங்கள்.

மஞ்சள் காமாலை நம் குழந்தைகளின் தோலில் சட்டென்று தெரியாது. ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளையையும் ஈறையும் பாருங்கள். முதல் 24 மணி நேரத்தில் மஞ்சள் தெரிந்தால் அவசரம். பால் குடிக்க எழுப்பியும் எழாத குழந்தையைச் சமர்த்து என்று நினைக்காமல் போன் செய்ய வேண்டும்.

42 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். இங்கே பிறந்ததாலேயே குழந்தைக்கு பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்துவிடாது. பெற்றோரில் ஒருவர் பிரிட்டிஷ் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்றிருக்க வேண்டும், இல்லையென்றால் ஊர்த் தூதரகத்தில் பாஸ்போர்ட் வேலையைத் தொடங்குங்கள். நீங்களோ உங்கள் பெற்றோரோ இந்தியாவில் பிறந்தவர் என்றால் குழந்தைக்குக் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி உண்டு, அழைப்பு வரவில்லை என்றால் கேளுங்கள்.

10 நாளுக்கும் 28 நாளுக்கும் இடையில் மிட்வைஃப் விடைபெற்று, குழந்தை நலம் பார்க்கும் நர்ஸான ஹெல்த் விசிட்டர் பொறுப்பெடுப்பார். ஆறு முதல் எட்டு வாரத்தில் ஜி.பி.யிடம் உங்களுக்கும் ஒரு பரிசோதனை உண்டு. குழந்தையை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். தையல் வலிக்கிறது, இருமினால் சிறுநீர் கசிகிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது, குழந்தையைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றவில்லை, எதுவானாலும் போனில் குறித்துக்கொண்டு போய் வரிசையாகச் சொல்லுங்கள். கருத்தடை பற்றியும் அங்கேயே கேட்கலாம், ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம். பிரசவமாகி 21 நாளிலிருந்தே மறுபடி கருத்தரிக்க வாய்ப்பு உண்டு, மாதவிலக்கு திரும்ப வராவிட்டாலும்கூட.